ஒரே ஆவணியில் இரண்டு அனுஷம்

1

"அண்ணனுக்கு சிவகாமி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். காமு நன்றாகப் பேசுகிறாள். அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. முதல் பிறந்தநாளுக்கு நீ வரவில்லை என்று நிறுத்தி வைத்தோம். போன வருஷம் இரட்டைப்படை, ஆகாது என்று விட்டுவிட்டோம். வருகிற ஆவணியில் மூன்றாவது பிறந்தநாள். நீ வந்து மடியில் உட்கார வைத்துக்கொண்டால்தான் ஆசாரியைக் கூப்பிடுவேன். மற்றவை நேரில்."

என் தங்கை எழுதிய கடிதம். விரோதிகிருது வருடம் மாசி மாதம் எழுதியது. 1972 மார்ச்சில் எனக்குக் கிடைத்தது. கிடைத்த தேதியைக் கடிதத்தின் மூலையில் எழுதி வைப்பது என் வழக்கம். இங்கே வந்த பிறகு ஒரு தேதியை மூன்று விதமாக எழுத வேண்டியிருக்கிறது. உதாரணமாக, இதை எழுதும் நாள் 25-8-1974, ஞாயிறு. நமக்கு ஆனந்த வருடம் ஆவணி 9, அனுஷம். நான் இருக்கும் எத்தியோப்பியாவில் 1966ஆம் ஆண்டு நஹாசே மாதம் 19. இவர்களுடைய ஆண்டு நம் ஆங்கில ஆண்டுக்கு ஏழெட்டு வருடம் பின்னால் வருகிறது. மாதங்கள் பதின்மூன்று. கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள். புத்தாண்டு செப்டம்பரில், மழை ஓய்ந்து காடெங்கும் மஞ்சள் பூக்கும்போது.

நான் காஞ்சிபுரத்துக்காரன். 1968இல் இங்கே ஜிம்மா என்ற ஊருக்குக் கணக்கு வாத்தியாராக வந்தேன். காப்பி விளையும் மலையூர். ஜூலையில் பள்ளிக்கு விடுமுறை விட்டால் செப்டம்பர்வரை மழை. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வந்த புதிதில் தலைமையாசிரியர் என்னை மூன்று மணிக்கு வரச் சொன்னார். மாலை மூன்று மணிக்குப் போய் நின்றேன். அவர் சொன்னது காலை ஒன்பது மணியை. இவர்கள் கடிகாரம் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஏழு மணிதான் இவர்களுக்கு ஒன்று. உதயாதி நாழிகையைச் சொல்லி வளர்ந்த ஊரிலிருந்து வந்தவன் இதைப் புரிந்துகொள்ளாமல் போனது எனக்கே வெட்கமாக இருந்தது.

நேற்று மாலை கோவிந்தராஜன் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பள்ளியிலேயே பௌதிகம் நடத்துகிறவர், வாலாஜாபாத்துக்காரர். அவர் மனைவி வசந்தா காப்பி கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "அண்ணா, அடுத்த ஞாயித்துக்கெழம உஷாவுக்குப் பொறந்த நாளு. அன்னிக்கே காது குத்திடலாம்னு இருக்கறோம். என் தம்பி அவ்ளோ தூரத்துலேர்ந்து வரப்போறதில்ல. நீங்க மடியில வெச்சிக்கிறீங்களா?"

உஷாவுக்கு ஐந்து நிறைகிறது. இங்கேயே பிறந்தவள். அவளைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். சரியென்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வசந்தாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். காரணம் கேட்டிருந்தால் என்னால் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

தங்கையின் கடிதம் வந்ததும் நான் செய்த முதல் வேலை பஞ்சாங்கத்தைத் தேடியது. ஒவ்வொரு வருடமும் சிவகாமி ஒன்று வாங்கிக் கப்பல் தபாலில் அனுப்புவாள். அந்த வருடத்துப் பஞ்சாங்கம் பங்குனியிலேயே வந்துவிட்டது. காமு பிறந்தது ஆவணி அனுஷம். ஆவணிப் பக்கத்தை எடுத்தேன். இரண்டாம் தேதி, அனுஷம். சிவப்புப் பென்சிலால் கோடிட்டேன். ஆங்கிலத் தேதி ஆகஸ்டு 17. விடுமுறைக்குள் வந்துவிட்டது. ஊருக்குப் போய்வரும் பயணச் சீட்டை இங்கே கல்வி அலுவலகம்தான் எடுத்துத் தரும். மூன்று மாதம் முன்னால் தேதி சொல்ல வேண்டும், பிறகு மாற்ற முடியாது. போகும் தேதி ஜூலை நடுவில், திரும்பும் தேதி செப்டம்பர் முதல் வாரத்தில் என்று எழுதிக் கொடுத்தேன். புத்தாண்டு முடிந்ததும் பள்ளி திறக்கும். வெளிநாட்டு ஆசிரியர்கள் அந்த வாரம் நேரில் வந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வராதவரின் இடம் காலி என்று கொள்ளப்படும்.

சிவகாமிக்கு, "பிறந்தநாள் கணக்கெல்லாம் பார்த்துவிட்டேன், தவறாமல் இருப்பேன்" என்று மட்டும் எழுதினேன். தேதியை எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

ஜூலையில் அடிஸ் அபாபாவிலிருந்து பம்பாய்க்கு விமானம், அங்கிருந்து சென்னைக்கு ரயில், பிறகு பஸ். பெரிய காஞ்சிபுரத்தில், குமரகோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது தங்கை வீடு. நான் உள்ளே நுழைந்தபோது தறிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை ஏகாம்பரம் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். அவர் காலுக்குப் பின்னால் ஒரு சின்ன முகம். நான் விட்டுப் போனபோது உலகத்திலேயே இல்லாத முகம். எங்கள் அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது.

"மாமா வந்துக்கிறாரு பாரு, போ" என்று சிவகாமி தள்ளிவிட்டாள். குழந்தை போகவில்லை. பிறகு ஒரு மாதமும் அவளுக்கு நான் "அந்த மாமா"தான். வெறும் "மாமா" என்றால் அது துரை. என் சித்தப்பா மகன். தென்னேரியில் பயிர் வைத்திருக்கிறான். சிவகாமிக்கு அவனும் தம்பிமுறைதான். ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி வருவான். வரும்போது துண்டில் கொய்யாவோ பனங்கிழங்கோ கட்டிக்கொண்டு வருவான். அவன் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் காமு ஓடுவாள். நானும் கொய்யா வாங்கி வந்து பார்த்தேன். கையை எட்டும் மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு, உடனே இரண்டடி பின்னால் போய் நின்று தின்றாள்.

மாப்பிள்ளைக்கு இங்கிருந்து ஒரு பருத்திப் போர்வை கொண்டுபோயிருந்தேன். இந்த ஊர்ப் பெண்கள் தலையிலும் தோளிலும் போட்டுக்கொள்வது. ஓரத்தில் வண்ணக் கரை இருக்கும். அவர் அதை வெளிச்சத்தில் விரித்தார். புரட்டினார். கரையை நகத்தால் நெருடினார்.

"கைத்தறிதான் மச்சான். எத்தினி பேரு நெய்றாங்க அங்க? குழித்தறியா, மேடைத்தறியா?"

தெரியவில்லை என்றேன்.

"நாலு வருசமா இருக்கிறீங்களே, எட்டிக்கூடப் பாக்கலையா?" அவர் கிண்டலுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே வியந்தார். இங்கே திரும்பியதும் நான் செய்த முதல் காரியம் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நெசவாளர் தெருவைப் போய்ப் பார்த்தது. குழித்தறிதான். எழுதித் தெரிவித்துவிட்டேன்.

3

ஆடி மாதம் முழுவதும் யாரும் பிறந்தநாளைப் பற்றிப் பேசவில்லை. ஆடியில் சுப காரியப் பேச்சு வேண்டாம் என்று இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் கடைக்குப் போய்ப் பச்சைப் பட்டுப் பாவாடையும் மெல்லிய தங்கக் கம்பி ஒரு ஜோடியும் வாங்கி வைத்தேன்.

ஆடி கடைசி நாள் ஆகஸ்டு 15. அந்த ஆண்டு சுதந்திரத்தின் வெள்ளி விழா. தெருவில் பிள்ளைகள் காகிதக் கொடியோடு மிட்டாய் சப்பிக்கொண்டு திரிந்தார்கள். சிவகாமி ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆசாரிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

"அதுக்குள்ள இன்னாண்ணா அவசரம்? இன்னும் ஒரு மாசம் கெடக்குது."

நாளை மறுநாள் அனுஷம் என்றேன்.

ராட்டை நின்றது. "அது மொத அனுஷம்ணா. மாசக் கடைசியில இன்னொண்ணு வருது. ஒரே மாசத்துல ரெண்டு தபா வந்துச்சின்னா பின்னாடி வர்றதுதான் பொறந்த நாளு. அம்மா நமக்கெல்லாம் அப்படித்தான செய்யும்?"

பஞ்சாங்கத்தை எடுத்து வந்தேன். இரண்டாம் தேதியில் என் சிவப்புக் கோடு. பக்கத்தைத் திருப்பினேன். இருபத்தொன்பதாம் தேதி, அனுஷம். செப்டம்பர் 13. விநாயகர் சதுர்த்தி கழித்து, இங்கே பள்ளி திறந்த பிறகு. நட்சத்திரம் இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை சுற்றி வரும், மாதத்துக்கு முப்பத்தொரு நாள். மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் மாத முடிவுக்குள் மறுபடி வரும் என்பது நான் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடிய கணக்கு. எந்த அனுஷம் என்பது மட்டும் கணக்கு இல்லை. அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவளிடமிருந்து சிவகாமிக்குப் போயிருக்கிறது. என் பிறந்தநாளுக்கு நான் பாயசம் குடித்தேன், தேதியை யார் எப்படிக் குறித்தார்கள் என்று கேட்டதில்லை.

என் முகம் மாறியதைப் பார்த்துத்தான் சிவகாமிக்கு விஷயம் புரிந்தது. "என்னிக்கிண்ணா கெளம்பற?" என்றாள். சொன்னேன். அவள் ராட்டையை மறுபடி சுற்றத் தொடங்கினாள். நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டுச் சுற்றினாள்.

4

அன்று மாலை வீட்டில் பேச்சு இதுவேதான். மாப்பிள்ளையின் அக்கா தனபாக்கியம் பக்கத்துத் தெருவிலிருந்து வந்துவிட்டார். துரையும் இருந்தான். பயணத்தைத் தள்ளிப்போட முடியாதா என்று மாப்பிள்ளை கேட்டார். ஒப்பந்த விஷயத்தை விளக்கினேன். வேலை போனாலும் பரவாயில்லை, இருந்துவிடுகிறேன் என்றும் ஒருமுறை சொன்னேன். சொல்லும்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. சிவகாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தப் பேச்சே வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

தனபாக்கியம் அக்காவின் பேச்சு நேராக இருந்தது. "நட்சத்திரம் கொழந்தையுது. லீவு மாமனுது. ரெண்டையும் ஒண்ணாக் கட்ட முடியுமா?" பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஊர்ல வருசத்துக்குப் பதிமூணு மாசமாமே தம்பி. அதுல ஒண்ண எடுத்துக்கினு வர்றதுதான?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பதின்மூன்றாவது மாதத்துக்கு ஐந்தே நாள்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் சிரித்துவிட்டு விடவில்லை. அவர்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சரியான பிறந்தநாளில்தான் காது குத்தியிருக்கிறது. அவருடைய பெரிய மகனுக்கு மட்டும் வசதிக்காக வேறு நாளில் குத்தப்போய், மாதக்கணக்கில் காது சீழ் வைத்தது. அவன் இன்றைக்கும் கடுக்கன் போடுவதில்லை. இருபத்தொன்பதாம் தேதியே குத்தலாம், துரையும் மாமன்தானே, அவன் மடியில் உட்காரட்டும் என்றார். மாப்பிள்ளைக்கும் அது நியாயமாகப் பட்டது. என்னைப் பார்க்காமல் தலையசைத்தார். துரை சுவரோரம் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவகாமி அடுப்படியிலிருந்து வந்தாள். "மூணு வருசமா எம் பொண்ணு காத மூளியா வெச்சிக்கினு இருந்தது துரைக்காகவா? அவன் வாராவாரம் வர்றவன். அப்படின்னா போன வருசத்துக்கு முந்தின வருசமே முடிச்சிருப்பேனே." துரை பக்கம் திரும்பி, "நீ தப்பா எடுத்துக்காதடா" என்றாள். "நாளன்னிக்கே ஆவட்டும். அதுவும் அனுஷந்தான."

தனபாக்கியம் அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். "உம் பொண்ணு, உன் அண்ணன். நான் யாரு?" என்றார். ஆனால் கிளம்பவில்லை. உட்கார்ந்து மறுநாள் வேலைகளைப் பட்டியல் போட்டது அவர்தான். அரிசி அரைக்க யார், பூவுக்கு யார், ஆசாரி வீட்டுக்கு யார் என்று.

ஆவணி இரண்டாம் தேதி காலையில் குமரகோட்டத்தில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். கூடத்தில் மணை போட்டுக் கோலம் இழைத்திருந்தார்கள். காமு பச்சைப் பாவாடையில், தலை நிறைய கதம்பம் வைத்து, வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். பாவாடை தரையில் புரண்டது. அளவு தெரியாமல் வாங்கியிருக்கிறேன் என்று பெண்கள் சிரித்தார்கள். நான் மணையில் உட்கார்ந்தேன். சிவகாமி அவளைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

அந்த எடை எனக்கு நினைவிருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தாள். ஆனால் உடம்பு மரக்கட்டைபோல விறைத்திருந்தது. மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டார். பெண் குழந்தைக்கு இடது காது முதலில். ஆசாரி தேங்காயெண்ணெய் தொட்டுக் கம்பியை வைத்தார். ஒரு கணம்தான். குழந்தை வீறிட்டாள். அப்பா என்றோ அம்மா என்றோ கூப்பிடவில்லை.

"தொர மாமா" என்றாள்.

துரை வேண்டுமென்றே வாசல் பக்கம் தள்ளி நின்றிருந்தான். ஆசாரி கம்பியை வளைத்து முடித்த அந்த இடைவெளியில் அவள் என் கையிலிருந்து வழுக்கி இறங்கி, கதம்பம் சிதற ஓடி, அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனியவில்லை. தூக்கவும் இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "அண்ணே, நான் வேணும்னா வெளிய போயிடறேன். நான் கண்ணுல படலன்னா வந்துடும்" என்றான்.

"அழுவற கொழந்தைய ஏன் இழுக்கறீங்க? துரை மடியிலயே வெச்சி இன்னொண்ணயும் முடிச்சிடுங்க" என்றார் தனபாக்கியம் அக்கா. இந்த முறை அவர் குரலில் குத்தல் இல்லை. ஆசாரி இரண்டாவது கம்பியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று சொல்ல வேண்டியது நான்தான். சரிதான் என்று எனக்கும் தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

சிவகாமி ஆசாரியின் கையிலிருந்து கம்பியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். எம் பொண்ணுக்கு ரெண்டு காது, இந்த மாசத்துக்கு ரெண்டு அனுஷம். ஒண்ணு அண்ணன் மடியில ஆயிடிச்சி. இன்னொண்ண அப்பறம் பாத்துக்கலாம். இலையப் போடுங்க."

இலை போட்டார்கள். வடை பாயசத்தோடு சாப்பாடு. காமு துரையின் பக்கத்தில் உட்கார்ந்து, விசும்பிக்கொண்டே இரண்டு அப்பளம் தின்றாள்.

5

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் நான் ஊரில் இருந்தேன். ஒற்றைக் காதில் கம்பியோடு காமு தெருவில் விளையாடுவதைப் பார்த்துப் போகிறவர்கள் எல்லாம் நின்று விசாரிப்பார்கள். இன்னொரு காது எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுக்கு இன்னும் நாள் வரல" என்று அவளே பதில் சொன்னாள். காலையும் மாலையும் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக் காதில் தடவ வேண்டும். முதலில் சிவகாமி செய்தாள். ஒரு நாள் அவள் கை வேலையாக இருந்தபோது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காமு தானாக என்னிடம் வந்தாள். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினாள். கோழி இறகால் தொட்டுத் தடவினேன். "ஊதுங்க" என்றாள். ஊதினேன். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். மடியில் மட்டும் உட்காரவில்லை. முழங்காலில் கை ஊன்றி நிற்பாள்.

அப்படி நிற்கத் தொடங்கியவளை விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இங்கே உஷாவின் கதை நேர்மாறானது. இவள் யார் மடியிலும் ஏறுவாள். என் மடியில் ஏற அவளுக்குக் காரணமே தேவையில்லை. புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் புத்தகத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வாள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கற்றுக்கொண்ட அம்ஹாரிக்தான் அவளுக்கு முதல் பாஷை. வசந்தா தமிழில் கேட்பாள், இவள் அதில் பதில் சொல்வாள். ஆறு வருடமாகியும் நான் சொல்லத் தடுமாறும் எழுத்துகளை அவள் என் மோவாயைப் பிடித்துச் சொல்லித் தருகிறாள். பக்கத்து வீட்டார் அவளுடைய பிறந்தநாளை ஆங்கிலத் தேதிப்படி முன்பே கொண்டாடிவிட்டார்கள். தாபோ என்று இங்கே ஒரு பெரிய வட்ட ரொட்டி உண்டு. அதை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம். வீட்டில் நட்சத்திரப்படி இன்னொரு நாள் என்றதும் அவளுக்கு ஒரே குழப்பம். "நான் ரெண்டு தடவை பொறந்தேனா?" என்று தமிழில் கேட்டாள். வசந்தா சந்தோஷத்தில் அதைத் தெருவெல்லாம் சொன்னாள். கேள்விக்காக அல்ல, தமிழில் கேட்டதற்காக.

வசந்தா ஏன் வருகிற ஞாயிற்றுக்கிழமையில் பிடிவாதமாக இருக்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. இந்த ஆண்டு எங்களுக்கு ஊர்ப் பயணம் முறைப்படி வர வேண்டியது. நாட்டில் மாசி பங்குனியிலிருந்தே பட்டாளக் கிளர்ச்சி, நிலைமை சரியில்லை. வெளியே போகும் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தவை அலுவலகத்தில் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொரு திங்களும் போய் நிற்கிறோம், அடுத்த வாரம் என்கிறார்கள். ஐந்தை விட்டால் ஏழு. ஏழு வயதில் அவள் எந்த ஊரில் இருப்பாள் என்று யாருக்குத் தெரியும்?

6

1972 செப்டம்பரில் நான் இங்கே திரும்பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் சிவகாமியின் கடிதம் வந்தது. அதில் இது பற்றி இரண்டே வரி: "இருபத்தொன்பதாம் தேதி வலது காதும் குத்தியாயிற்று. துரை மடியில் உட்கார வைத்தோம், அழவில்லை." படித்தபோது நிம்மதியாக இருந்தது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. குழந்தைக்குப் பிடித்த மடி, சரியான நாள், அழாத காது. மறுநாள் துரைக்கு நன்றி எழுதினேன். அவன் பதில் எழுதும் பழக்கம் உள்ளவன் அல்ல.

போன ஆண்டு கோவிந்தராஜனின் தகப்பனார் தவறிவிட்டார். அவர் மட்டும் அவசரமாக ஊர் போய் வந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு காஞ்சிபுரத்துக்குப் போய் எங்கள் வீட்டிலும் தலையைக் காட்டியிருக்கிறார். இரண்டு காதிலும் கம்பி மின்ன ஒரு சின்னப் பெண் வந்து தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னார். அவருடைய மாமனார் வழியில் தென்னேரியில் சொந்தம் உண்டு. அங்கே ஏரிக்கரையில் துரையைப் பார்த்திருக்கிறார். என் பெயரைச் சொன்னதும் துரை அவரை விடாமல் பிடித்துக்கொண்டு, எனக்கு உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டானாம். பேச்சு காதுகுத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் மடியில்தானே இன்னொரு காது என்று இவர் கேட்டிருக்கிறார்.

இங்கே திரும்பிய பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, துரை பேசியதுபோலவே பேசிக் காட்டினார். "என் மடியிலயா? நான் எங்க உக்காந்தேன்? எங்க அண்ணன் வேட்டி ஒண்ணு கெடந்துச்சி. அத மடிச்சி மணைமேல போட்டு, அதுமேல உக்கார வெச்சாங்க. நான் தலைய மட்டுந்தான் புடிச்சிக்கினு இருந்தேன்."

கோவிந்தராஜன் இதைத் தமாஷாகத்தான் சொன்னார். தட்டில் இருந்த தோசையை நான் அப்படியே வைத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வசந்தா கவனித்திருக்கலாம்.

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். சிவகாமி எழுதியது சரியென்றால், துரை என் மனம் நோகக் கூடாது என்று ஒரு மூன்றாம் மனிதரிடம்கூட அந்த இடத்தை எனக்கே விட்டுக்கொடுத்திருக்கிறான். துரை சொன்னது சரியென்றால், சிவகாமி அந்தக் காலி மணையை எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறாள். தூரத்தில் இருப்பவன் அதையே நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். இருவரும் இப்படிச் செய்யக்கூடியவர்கள்தான். அந்த வீட்டில் என் வேட்டி ஒன்றை விட்டுவிட்டு வந்தேனா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில்லை. சிவகாமியிடம் கேட்டால் அவளைப் பொய்க்காரி ஆக்குவதாகும். துரையிடம் கேட்டாலும் அப்படித்தான். ஒரு வருடமாக இருவருக்கும் கடிதம் எழுதுகிறேன், மழை, விலைவாசி, காமுவின் படிப்பு எல்லாவற்றையும் விசாரிக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை.

வசந்தாவுக்கு நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் இதுதான். அங்கே ஊரில் வசந்தாவுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கும் ஒரு மடி இருக்கிறது. அவன் பஞ்சாங்கம் பார்த்து வருகிற ஞாயிற்றுக்கிழமையைக் கோடிட்டு வைத்திருக்கிறானோ என்னவோ. அவனுடைய இடத்தில் உட்கார்வதா, அந்த இடத்தைக் காலியாக வைத்துவிட்டுத் தலையை மட்டும் பிடித்துக்கொள்வதா? துரை என்ன செய்தான் என்று தெரிந்தால் நானும் அதையே செய்துவிடுவேன். அவன் என்னைவிட நல்ல மனிதன்.

பிற்பகலில் மழை சற்று விட்டது. மாலை வரை காத்திருக்க மனமில்லாமல் கோவிந்தராஜன் வீட்டுக்கு நடந்தேன். உஷா கதவைத் திறந்தாள். பிறந்தநாளுக்கு என்ன கொண்டுவந்தாய் என்று அவள் பாஷையில் கேட்டாள். அதற்கு இன்னும் நாள் வரவில்லை என்று தமிழில் சொன்னேன். வசந்தாவிடம், உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். உன் தம்பிக்கு நீ இதை எழுதும்போது, யார் மடியில் என்பதை உள்ளபடி எழுதிவிடு என்றும் சொன்னேன். அவள், "எழுதிடறேண்ணா" என்றாள்.

உஷா அழுவாள். ஆனால் என் மடியை விட்டு இறங்கி ஓடமாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

காமுவுக்கு இன்று ஐந்து நிறைகிறது. இந்த ஆவணியில் அனுஷம் ஒருமுறைதான், இரண்டு பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டேன், பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். இடது காது, பரிதாபி வருடம் ஆவணி 2, என் மடியில். வலது காது, அதே ஆவணி 29. அது துரையின் மடியிலா, மடித்துப் போட்ட வேட்டியின் மீதா என்பதை இதை எழுதும் தேதிவரை நான் சரிபார்க்கவில்லை.